கொசுவை விரட்ட வாங்கியவையும் அவற்றோடு வீட்டுக்குள் வந்தவையும்

கடந்த ஐப்பசியில் அம்மாவுக்கு இளைப்பு கூடியதால் நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, இரவில் வீட்டில் என்ன கொளுத்துகிறீர்கள் என்பதுதான். கொசுவர்த்திச் சுருள் என்றேன். எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டார். அம்மா என்னை முந்திக்கொண்டு, "இவன் பிறந்ததிலிருந்து" என்றார். எனக்கு இப்போது 46 வயது. மருத்துவர் அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் எழுதத் தொடங்கினார். வீடு திரும்பும் வழியில் ஆட்டோவில் அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், அரிசி வாங்குவதற்கு நான் செலவிடும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட, ஒவ்வோர் இரவும் எட்டு மணி நேரம் குடும்பமே சுவாசிக்கும் இந்தப் பொருளுக்குச் செலவிட்டதில்லை என்பது உறைத்தது.

அந்த வாரம் தொடங்கி தை பிறக்கும் வரை, கடையில் கிடைக்கும் கொசு விரட்டிகளில் வகைக்கு ஒன்றாக வாங்கி, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ இரண்டு வாரம் பயன்படுத்தி, அவற்றின் உறையில் அச்சிட்டிருப்பதை ஒரு வரி விடாமல் படித்து எழுதிய மதிப்புரை இது. எங்கள் வீடு வேளச்சேரியில் ஒரு தரைத்தள வாடகை வீடு. பின்புறம் மழைநீர் வடிகால் ஒன்று பாதி மூடியும் பாதி மூடாமலும் கிடக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் தொலைவில் இல்லை. ஆகவே கொசுவுக்குக் குறைவில்லாத சூழலில்தான் இந்தச் சோதனை நடந்தது. நிறுவனங்களின் பெயர்களை நான் குறிப்பிடப் போவதில்லை. ஒரே வகையைச் சேர்ந்த பொருள்களுக்குள் பெட்டியின் நிறமும் வாசனையும் மாறுகின்றனவே தவிர, உள்ளிருக்கும் சரக்கில் பெரிய வேறுபாடு எதையும் நான் காணவில்லை.

சுருளிலிருந்தே தொடங்குகிறேன். பத்துச் சுருள்கள் கொண்ட பெட்டி, தகரத் தாங்கி ஒன்றுடன், தெருமுனை மளிகைக்கடையில் நாற்பது ரூபாய்க்குள் கிடைத்தது. ஒரு சுருளைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 12 கிராமுக்குச் சற்று மேல் காட்டியது. இந்த வடிவத்துக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ஜப்பானில் வகயாமா பகுதியைச் சேர்ந்த உயேயாமா எய்ச்சிரோ என்பவர், பூச்சிகளைக் கொல்லும் பைரித்ரம் என்ற சாமந்தி இனப் பூவின் தூளை 1890-இல் ஊதுபத்தியைப் போல் குச்சியாக்கினார். அது சுமார் நாற்பது நிமிடங்களில் எரிந்து தீர்ந்துவிட்டது. குச்சியைச் சுருட்டினால் நீளமும் கூடும், இரவு முழுக்கவும் எரியும் என்ற யோசனையை 1895-இல் சொன்னவர் அவருடைய மனைவி யுகி. 1902-இல் சுருள் விற்பனைக்கு வந்தது. அந்த அம்மையாரின் யோசனைதான் இன்றும் நம் கட்டிலடியில் கனன்றுகொண்டிருக்கிறது. பூத்தூளுக்குப் பதிலாக, அந்தப் பூவின் நஞ்சைப் போலவே செயற்கையாகச் செய்த பைரித்ராய்டுகள் என்ற மருந்துகள் வந்தது மட்டுமே பெரிய மாற்றம். அவற்றில் முதலாவதான அல்லெத்ரின் 1949-இல் உருவாக்கப்பட்டது.

நான் வாங்கிய சுருளில், அதே பைரித்ராய்டு வகை மருந்தான மெபர்ஃப்ளூத்ரின் 0.05 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. 12 கிராமில் 0.05 சதவீதம் என்பது 6 மில்லிகிராம். அப்படியென்றால் மீதமுள்ள 11.99 கிராம் என்ன? மரத்தூள், சிரட்டைத் தூள், பசை தரும் மரப்பட்டைப் பொடி, கொஞ்சம் சாயம், கொஞ்சம் வாசனை. சுருள் செய்பவர்கள் பொதுவாகச் சேர்க்கும் சரக்கு இதுதான். கொசுவை விரட்டும் வேலையில் இவற்றுக்கு நேரடியான பங்கு ஏதும் இல்லை. கனலின் நுனிக்குச் சில மில்லிமீட்டர் பின்னால், எரியாமலும் அதே நேரம் நன்றாகச் சூடேறியும் இருக்கும் இடத்திலிருந்துதான் மருந்து ஆவியாகி வெளியேறுகிறது. அந்தச் சூட்டைக் கொடுப்பதற்காக மட்டுமே மீதிச் சரக்கு முழுவதும் எரிகிறது. ஆறு மில்லிகிராம் மருந்தைக் காற்றில் கலக்க, மூடிய படுக்கையறையில் பன்னிரண்டு கிராம் மரத்தையும் சிரட்டையையும் புகைய விடுகிறோம் என்று சொன்னால் விஷயம் இன்னும் தெளிவாக விளங்கும். கொசுவர்த்தியைப் பற்றி அஞ்சுபவர்கள் எல்லோரும் 'அந்த மருந்து' பற்றியே பேசக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இந்தப் பொருளைப் பொறுத்தவரை, மருந்தைவிட அதைச் சுமந்துவரும் புகையே பெரிய கேடு என்ற முடிவுக்கு இந்த எளிய கணக்கே என்னைக் கொண்டுவந்தது.

ஓர் இரவு, சுருள் பற்றவைத்து ஒரு மணி நேரம் கழிந்தபின், விளக்கை அணைத்துவிட்டு டார்ச் விளக்கை அறையின் குறுக்கே அடித்துப் பார்த்தேன். பகலில் கண்ணுக்குத் தெரியாத புகை, அந்த ஒளிக்கற்றைக்குள் பால் கரைத்ததுபோல் சுழன்றது. சுருளிலிருந்து வெளியேறும் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அளவுடையவை. மூக்கின் மயிரும் சளியும் தடுக்கக்கூடிய அளவைவிட மிகச் சிறியவை என்பதால், இவை நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்று சேரும். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரியும்போது வெளிப்படும் பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரியும்போது வெளிப்படுவதற்குச் சமம் என்றது. ஃபார்மால்டிஹைடு வாயு 51 சிகரெட்டுகள் அளவுக்குக்கூட வெளிப்படலாம் என்றும் அது கண்டது.

வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் சுற்றிவரும் 'ஒரு கொசுவர்த்தி நூறு சிகரெட் பிடிப்பதற்குச் சமம்' என்ற வாசகம் இந்த ஆய்விலிருந்து திரிந்ததாகவே இருக்க வேண்டும். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆய்வு அளந்தது, எரியும்போது காற்றில் கலக்கும் மொத்தத் துகளின் எடையை. சிகரெட் பிடிப்பவர் புகையை நேராக நெஞ்சுக்குள் இழுக்கிறார். சுருளின் புகையோ அறை முழுக்கப் பரவி, ஒரு பகுதி சுவரில் படிந்து, ஒரு பகுதி சாளரம் வழியே வெளியேறி, மிஞ்சியதுதான் நம் மூச்சில் சேர்கிறது. சிகரெட்டில் இருக்கும் நிக்கோட்டினும் இதில் இல்லை. இப்படியெல்லாம் கழித்தாலும் மிச்சம் பெரிதாகவே இருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம். 2.5 துகள்களின் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இந்தியத் தரநிலை 60 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. தில்லியின் காற்று இந்த வரம்பைத் தாண்டும் நாள்களில் அது தலைப்புச் செய்தியாகிறது. நம் படுக்கையறைக் காற்றை அளப்பதற்கு யாரும் வருவதில்லை.

உறையில் ஒரு சிறிய சாய்சதுரக் குறி இருக்கிறது. அதன் கீழ் முக்கோணத்தில் வண்ணம் தீட்டியிருக்கும். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன் கீழ் வந்த 1971-ஆம் ஆண்டின் விதிகளும் கட்டாயமாக்கிய குறி அது. சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் அதற்கு அடுத்ததையும், நீலம் நடுத்தரத்தையும், பச்சை குறைந்த நஞ்சையும் காட்டும். என் சுருள் பெட்டியில் பச்சை இருந்தது. அதைப் பார்த்து மனம் சற்று நிம்மதியடைந்ததை ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான், அந்த வண்ணம் எதை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது என்று விதிகளைத் தேடிப் படித்தேன். வாய் வழியாக உட்கொண்டாலோ தோலில் பட்டாலோ, சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்ல எவ்வளவு தேவைப்படும் என்ற அளவே அந்த வகைப்பாட்டுக்கு அடிப்படை. கொசுவர்த்தியை யாரும் தின்பதில்லை. அரைத்துப் பூசிக்கொள்வதும் இல்லை. அது எரிந்து வரும் புகையை, இரவுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கிறோம். இந்த வழியில் நேரும் கேட்டைப் பற்றி அந்தப் பச்சை முக்கோணம் ஒன்றுமே சொல்வதில்லை.

சுருளின் பயன் பற்றிச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. கொசு குறைந்தது. பற்றவைத்த அரை மணி நேரத்துக்குள் சுவரோரம் மயங்கி விழுந்தவற்றை மகள் எண்ணிச் சொன்னாள். பெட்டியில் பத்து மணி நேரம் என்று போட்டிருந்தாலும், மின்விசிறி ஓடும் அறையில் எட்டு மணி நேரத்துக்குள் சாம்பலாகிவிட்டது. விடியற்காலைக் கொசுக்கள் அதற்காகவே காத்திருந்ததுபோல் வந்தன. 'புகை குறைவு' என்று விற்கப்படும் கறுப்பு நிறச் சுருளையும் நான்கு இரவுகள் பார்த்தேன். மரத்தூளுக்குப் பதில் கரித்தூளைச் சேர்ப்பதால் கண்ணுக்குத் தெரியும் புகை உண்மையிலேயே குறைகிறது. ஆனால் மூடிய அறையில் கரி கனன்றால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வரும் என்பது குளிர்கால இரவுகளில் கரியடுப்பை உள்ளே வைத்து உறங்கி மாண்டவர்களின் செய்திகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு சிறு சுருள் அந்த அளவுக்கு ஆபத்தானதாக இருக்க முடியாது. இருந்தாலும் புகை தெரியவில்லை என்பதற்காகச் சாளரத்தைச் சாத்திக்கொண்டு படுப்பதற்கு அது உரிமம் ஆகாது. என் தீர்ப்பு: திண்ணையிலோ, மொட்டை மாடியிலோ, மாட்டுக் கொட்டகையிலோ சுருள் சரி. ஆள் உறங்கும் அறைக்குள், அதிலும் இளைப்பு உள்ளவரோ கைக்குழந்தையோ இருக்கும் அறைக்குள், அதற்கு இடமில்லை.

அடுத்து வாங்கியது மூலிகைக் கொசு ஊதுபத்தி. இதை நான் தேடிப் போகவில்லை. சுருளை விட்டுவிட்டேன் என்று சொன்னதும் மளிகைக்கடை அண்ணாச்சியே எடுத்துக் கொடுத்தார். "இது ஹெர்பல் சார், பச்சப்புள்ள இருக்குற வீட்டுக்கெல்லாம் இதத்தான் குடுக்கேன்" என்றார். அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. தமக்கு விநியோகிப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். உறையில் வேப்பிலையும் துளசியும் எலுமிச்சைப் புல்லும் வண்ணப் படங்களாக இருந்தன. உட்பொருளின் பெயர் இல்லை, சதவீதம் இல்லை, பூச்சிக்கொல்லிப் பதிவு எண் இல்லை, முக்கோணக் குறி இல்லை, தயாரித்தவரின் முகவரி என்ற இடத்தில் ஒரு நகரத்தின் பெயர் மட்டும் இருந்தது.

இந்த வரிசையில் மிக வேகமாக வேலை செய்தது இதுதான் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு குச்சி கொளுத்திய பத்து நிமிடத்தில் அறையில் ஒரு கொசு பறக்கவில்லை. நியாயமாக எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும், வந்தது சந்தேகம். வேப்பிலையும் துளசியும் கொசுவை ஓரளவு விலகியிருக்கச் செய்யலாம், ஆனால் பறக்கும் கொசுவைப் பத்து நிமிடத்தில் தலைகீழாக விழச் செய்யாது. அப்படி விழச் செய்வது பைரித்ராய்டுகளின் குணம்: நரம்புச் செல்களில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களைச் சாத்த விடாமல் திறந்தபடியே வைத்து, பூச்சியைத் துடிக்க வைத்து வீழ்த்துபவை அவை. பதிவு பெறாத ஊதுபத்திகளில் இத்தகைய மருந்துகள் கணக்கில்லாமல் சேர்க்கப்படுவதாக நெடுநாளாகவே புகார் இருக்கிறது. என் கையிலிருந்த குச்சியில் என்ன இருந்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. உறையே சொல்லாதபோது நான் எப்படிச் சொல்வது? சுருளில் புகையும் இருந்தது, மருந்தின் பெயரும் அளவும் இருந்தன. இதில் புகை அப்படியே இருக்க, பெயரும் அளவும் மட்டும் போய்விட்டன. இரண்டு வாரம் என்ற விதியை மீறி, நான்காம் நாளே மீதிக் குச்சிகளைக் குப்பையில் போட்டேன். அம்மாவுக்கு அந்த நான்கு நாள்களில்தான் இருமல் அதிகமாக இருந்தது.

அப்போது அம்மா தம் ஊர்க் கதையைச் சொன்னார். அந்திக் கருக்கலில் தொழுவத்தில் காய்ந்த வரட்டியின் மேல் பச்சை நொச்சித் தழையைப் போட்டு மூட்டம் போடுவார்களாம். மாடுகள் அந்தப் புகைக்குள் போய் நின்றுகொள்ளுமாம். அந்த முறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது திறந்த தொழுவம், அந்தி நேரத்தில் ஒரு மணி நேரம் மட்டுமே மூட்டம், மனிதர்கள் காற்றின் மேற்பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். அதே நொச்சியையும் வேம்பையும் பொடித்துப் பத்துக்குப் பத்து அறைக்குள், குளிரூட்டிக்காகச் சாளரத்தை மூடிய நிலையில், இரவெல்லாம் புகைய விட்டால் அது வேறு கதை. இலை எரிந்தாலும் மரம் எரிந்தாலும் நுண்துகள் நுண்துகளே. நுரையீரலுக்கு அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்று பிரித்தறியும் சக்தி கிடையாது. 'இயற்கையானது' என்ற சொல்லை உறையில் பார்த்ததும் சாளரத்தை மூடிவிடும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், இத்தகைய பொருள்கள் சுருளைவிட அதிகக் கேடு செய்ய வாய்ப்பிருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

மூன்றாவதாக, மின்செருகியில் மாட்டும் திரவ மருந்து. சிறு குப்பி, அதற்குள் ஒரு திரி, திரியின் தலையைச் சுடவைக்கும் கருவி, அவ்வளவுதான் இயந்திரம். எதுவும் எரிவதில்லை என்பதால் புகை இல்லை, சாம்பல் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒளிக்கற்றை தெளிவாக இருந்தது. முதல் வாரத்திலேயே அம்மாவின் இரவு இருமல் கண்கூடாகக் குறைந்தது. இங்கேயே மதிப்புரையை முடித்துப் பத்துக்கு ஒன்பது கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் சுருளுக்குப் போட்ட அதே கணக்கை இதற்கும் போட்டுப் பார்த்தேன். குப்பியில் 45 மில்லிலிட்டர், டிரான்ஸ்ஃப்ளூத்ரின் என்ற பைரித்ராய்டு 1.6 சதவீதம், மீதி பெரும்பாலும் மணம் நீக்கிய மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான். கரைப்பான் தண்ணீரைவிட இலேசானது என்பதால் மொத்த எடை 36 கிராம் என்று வைத்துக்கொண்டால், மருந்து சுமார் 575 மில்லிகிராம். 45 இரவுகளுக்கு வரும் என்ற உறையின் வாக்கை ஏற்றால், இரவுக்கு ஏறத்தாழ 12 முதல் 13 மில்லிகிராம். சுருளில் இருந்தது ஆறு. புகையே இல்லாத, பார்வைக்குச் சாதுவான இந்தக் குப்பி, சுருளைப்போல் இரு மடங்கு மருந்தைக் காற்றில் விடுகிறது.

இரண்டும் வெவ்வேறு மூலக்கூறுகள் என்பதால் மில்லிகிராமை மட்டும் வைத்து நஞ்சின் வலிமையை ஒப்பிடக் கூடாது. பாலூட்டிகளின் உடலில் பைரித்ராய்டுகளைச் சிதைக்கும் நொதிகள் போதிய அளவு இருப்பதால், சொல்லப்பட்ட அளவில் இவை பெரியவர்களுக்கு உடனடியாகப் பெருந்தீங்கு செய்வதில்லை. தொண்டைக் கரகரப்பு, கண் எரிச்சல், சிலருக்குத் தலைவலி என்ற அளவில் நிற்கின்றன. ஆனாலும் 'புகையில்லை' என்பதை 'ஒன்றுமில்லை' என்று படித்துக்கொண்டு, இரவும் பகலும் கருவியை அணைக்காமல் வைத்திருக்கும் வீடுகளை நான் அறிவேன். சென்ற ஆண்டு வரை என் மைத்துனர் வீடும் அவற்றில் ஒன்று. உறங்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பு சாளரத்தைச் சற்றுத் திறந்து வைத்து ஓட விட்டு, படுக்கும்போது அணைத்துவிட்டாலே எங்கள் அறைக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. இப்படிப் பயன்படுத்தியதில் 45 நாள் குப்பி இரண்டு மாதத்தைத் தாண்டியது. 'அதிவேக' நிலை என்று கருவியில் இருக்கும் பொத்தானை நாங்கள் தொடவே இல்லை.

இந்தக் குப்பியின் உண்மையான ஆபத்து மூச்சு வழியாக வருவதைவிட வாய் வழியாக வருவதே. மின்செருகிகள் பல வீடுகளில் முழங்கால் உயரத்தில் இருக்கின்றன. தவழும் குழந்தைக்குச் சரியாக எட்டும் உயரம் அது. குழந்தை திரவத்தைக் குடித்துவிட்டால், அதிலுள்ள மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான் விழுங்கும்போதோ வாந்தியெடுக்கும்போதோ மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். அதனால்தான், குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது என்பதையும், உப்புக் கரைசலைப் புகட்டும் வழக்கத்தை இதில் கைக்கொள்ளாமல் குப்பியையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் உறையின் முன்பக்கம் அச்சிட வேண்டும். நான் வாங்கிய உறையில் எச்சரிக்கை இருந்தது. என் மூக்குக் கண்ணாடிக்கும் எட்டாத எழுத்தில் இருந்தது. மீன்தொட்டி இருக்கும் அறையில் இதை வைக்கக் கூடாது, மீன்களுக்குப் பைரித்ராய்டுகள் மிகக் கொடிய நஞ்சு. எங்கள் வீட்டில் ஒரு பூனை உண்டு. பூனையின் கல்லீரலில் இந்தச் சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும் வழி வலுவற்றது. பெர்மெத்ரின் என்ற பைரித்ராய்டு கலந்த நாய் உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசினால் அது வலிப்பு வந்து இறக்கக்கூடும் என்று கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான். காற்றில் கலக்கும் சிறு அளவு அந்தக் கணக்கில் வராது என்றாலும், கருவி ஓடும் அறையில் பூனையைப் படுக்க விடவில்லை.

கொளுத்தினால் மூன்று நிமிடத்தில் எரிந்துவிடும் தாள் அட்டை, சுருளும் ஊதுபத்தியும் செய்வதை வேகமாகச் செய்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மின்சார மட்டையை மகள் விரும்பினாள். எந்த இரசாயனமும் இல்லாதது என்ற அளவில் நல்லதுதான், ஆனால் உறங்குகிறவருக்கு அது எப்படிக் காவல் இருக்கும்? மேனியில் பூசும் களிம்பில், கொசுவை அண்டவிடாத டைஎத்தில் பென்சமைடு என்ற மருந்து 12 சதவீதம் என்று இருந்தது. வீட்டுக் காற்றையே மருந்தாக்காமல், கடிபடும் இடத்தில் மட்டும் தடுப்பு வைப்பது அறிவான ஏற்பாடு. மாலையில் மாடியில் படிக்கும் மகளுக்கு இதைத் தொடர்ந்து கொடுக்கிறேன். சிறு குழந்தைகளின் கைகளில் மட்டும் பூசக் கூடாது, கை வாய்க்கும் கண்ணுக்கும் போகும். அம்மாவுக்கு அதன் பிசுபிசுப்பு பிடிக்கவில்லை.

இத்தனையையும் வாங்கிச் சோதித்த பிறகு, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று நினைவுக்கு வந்தது: எந்தக் கொசு? இரவில் காதோரம் ரீங்காரமிட்டு, சாக்கடையில் பெருகி, யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் ஒன்று. மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகி, இரவில் கடித்து, சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் மற்றொன்று. டெங்குவைப் பரப்பும் ஏடிஸோ பகலில் கடிப்பது. காலையிலும் பிற்பகலிலும் அதன் வேட்டை. மாலை ஏழு மணிக்குச் சுருள் கொளுத்தும் நாம், டெங்குவுக்கு அஞ்சித்தான் பெரும்பாலும் கொளுத்துகிறோம். அந்தக் கொசு அதற்குள் தன் வேலையை முடித்துவிட்டிருக்கும். அது பெருகுவதற்குச் சாக்கடை தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில் தேங்கும் நீரும், பூந்தொட்டியின் அடித்தட்டும், கொல்லையில் கிடக்கும் சிரட்டையும் போதும். சிரட்டையை வெளியில் போட்டுக் கொசுவை வளர்த்து, அதே சிரட்டையின் தூளை உள்ளே கொளுத்தி அதை விரட்டுகிறோம் என்று மனைவி சொன்னபோது சிரித்துவிட்டேன். முட்டையிலிருந்து கொசுவாக நம் வெயிலில் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால், ஞாயிறுதோறும் இந்தத் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது எங்கள் வீட்டு வேலையாகியிருக்கிறது. முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும்.

கடைசியாக வாங்கியது கொசுவலை. ஒரு சதுர அங்குலத்துக்கு 156 துளைகள் என்பது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் நெருக்கம், கடைக்காரரிடம் அந்த எண்ணைக் கேட்டதற்கு, "எண்ணியா பார்க்க முடியும்?" என்றார். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி நானே எண்ணிப் பார்த்தேன், தேறியது. மருந்து தோய்க்காத சாதாரண நைலான் வலைதான். அம்மா முதலில் மறுத்தார். கூண்டுக்குள் படுப்பதுபோல் இருக்கிறது என்றார், காற்று வரவில்லை என்றார். காற்று குறைவது உண்மைதான். மின்விசிறியை ஒரு படி கூட்டி வைத்தோம். கொசு வலுவாகப் பறக்கும் பூச்சி இல்லை என்பதால் அந்தக் காற்றே பாதிக் காவல். மூன்றாம் இரவுக்குப் பிறகு அம்மா புகார் சொல்லவில்லை. அடுத்த வாரம் மூன்று சாளரங்களுக்கும் ஒட்டுப்பட்டை வைத்த வலை அடித்தோம். வலை அடிக்க வந்தவர் ஒரு மூலையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுப் போய்விட்டார். இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து வரவழைக்க வேண்டியிருந்தது. மூன்று சாளரத்துக்கும் கட்டில் வலைக்கும் சேர்த்து ஆன செலவு, எங்கள் வீட்டின் இரண்டு ஆண்டுக் கொசுவர்த்திச் செலவுக்குச் சற்று அதிகம்.

இப்போது அம்மா வலைக்குள் உறங்குகிறார். திரவக் கருவி, முழங்கால் உயரச் செருகியிலிருந்து அலமாரிக்கு மேலிருக்கும் செருகிக்கு மாறியிருக்கிறது. அதுவும் மழை வலுக்கும் நாள்களில் அரை மணி நேரத்துக்கு மட்டும். சுருள் பெட்டியில் மீதமிருந்த ஆறு சுருள்களைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மார்கழியில் ஒருநாள் மின்சாரம் போய் எல்லோரும் மாடியில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கொளுத்தி வைத்தோம். காற்று தெற்கே அடித்தது. பெட்டியில் இன்னும் ஐந்து இருக்கின்றன.